உமையிடம் கேட்ட கேள்விகள்

ஒஸ்லோ நகரத்தின் வடகிழக்கே குரோருட் பள்ளத்தாக்கு என்று வழங்கும் பகுதியில், 1960களிலும் 70களிலும் எழுப்பப்பட்ட அடுக்குமாடிக் குடியிருப்புகள் மலைச்சரிவை ஒட்டி வரிசை வரிசையாக நிற்கின்றன. யுத்தத்தால் துரத்தப்பட்டு யாழ்ப்பாணத்தை விட்டு வந்தவர்களும், பஞ்சாபின் கிராமங்களிலிருந்து பிழைப்பை நாடி வந்தவர்களும், அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அங்கே பெருந்தொகையாக வாழ்கிறார்கள். அந்தப் பள்ளத்தாக்கின் ஜனங்களைப் பரிசோதித்து நோர்வே வைத்தியர்கள் 2005இல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று, 30 வயதுக்கும் 59 வயதுக்கும் இடைப்பட்ட தெற்காசியப் பெண்களில் நூற்றுக்கு 27 பேருக்கு மேல் நீரிழிவு கண்டிருப்பதாகக் கூறிற்று. அதே வயதுடைய மேல்நாட்டுப் பெண்களில் அவ்வியாதி நூற்றுக்கு 3 பேருக்குங்கூட இல்லை. தெற்காசிய ஆண்களிலோ 14 பேருக்கு இருந்தது. ஒரே அடுப்பில் வெந்ததை உண்டு ஒரே கூரையின்கீழ் உறங்கி எழுகின்ற இருவரில், புருஷர்களைவிட ஸ்திரீகளை இரு மடங்காக அந்த வியாதி பற்றியிருக்கிறது என்றால், உணவை மாத்திரம் குற்றஞ்சாட்டிவிட்டு நாம் எழுந்து போய்விட முடியாது.

இந்தக் கணக்கைக் கேட்ட மாத்திரத்தில் சோம்பல்தான் காரணம் என்று தீர்ப்புச் சொல்லிவிடுவது உலகத்துக்கு எளிதாக இருக்கிறது. பருத்த தேகத்தைக் கண்டால் அதனுள்ளே ஒரு பாவத்தைத் தேடுவது எல்லாச் சமயத்தாருக்கும் பொதுவான பழக்கம். அந்தத் தீர்ப்பு சரீர சாஸ்திரத்துக்கும் பொருந்தாது, நியாயத்துக்கும் பொருந்தாது. தெற்காசிய மக்களின் தேகத்தில் கொழுப்பு வயிற்றைச் சுற்றிச் சேருகிறது; மற்றவர்களுக்குப் பெருந்தீங்கு செய்யாத அளவு பருமனே இவர்களுக்கு நீரிழிவைக் கொண்டுவந்துவிடுகிறது. உடல் நிறையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் எண் 25ஐத் தாண்டினால் கவலைப்பட வேண்டும் என்பது பொது விதியாக இருக்க, ஆசிய மக்கள் விஷயத்தில் 23இலேயே விழித்துக்கொள்ள வேண்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் நிபுணர் குழு 2004இல் வெளிவந்த தன் அறிக்கையில் சொன்னதற்கு இதுவே காரணம். கர்ப்ப காலத்தில் தலைகாட்டிவிட்டு மறைகிற சர்க்கரை, வயது ஏறியபின் நிரந்தரமாகத் திரும்பிவரக்கூடியது என்பது பெண்ணுக்கு மட்டுமே உரிய மேலதிகச் சுமை.

சோம்பல் என்று சொல்லுகிறவர்கள் அந்தப் பள்ளத்தாக்கின் தமிழ்ப் பெண்ணுடைய சரித்திரத்தையும் அறியாதவர்கள். 1980களின் பிற்பகுதியிலிருந்து நோர்வேக்கு வந்த தமிழர்களில் பலர் முதலில் போய்ச் சேர்ந்த இடம் வடகோடியான பின்மார்க் மாகாணத்தின் மீன் தொழிற்சாலைகள். முன்னே வந்த கணவன்மாரைத் தொடர்ந்து வந்த மனைவிமாரும், துருவக் குளிரில், ஈரமான உருக்கு மேசையின் முன்னே மணிக்கணக்காக நின்று மீன் அரிந்தார்கள். பின்பு ஒஸ்லோவுக்குக் குடிபெயர்ந்து, அலுவலகங்களைத் துப்புரவு செய்வதிலும் முதியோர் இல்லங்களில் நோயாளிகளைத் தூக்கி இருத்துவதிலும் தங்கள் வாலிபத்தைச் செலவழித்தார்கள். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் அங்கே வேறொரு வேலை காத்திருந்தது. நின்ற இடத்திலேயே நின்றும் குனிந்தும் செய்கிற அந்த உழைப்பு முழங்காலையும் இடுப்பையும் தேய்க்குமேயன்றி, மூச்சை விரித்து இரத்தத்தை ஓடச்செய்கிற தடையற்ற நடையின் பலனைத் தந்துவிடாது. ஆகவே, நாளெல்லாம் உழைத்தவளுக்கு ஓடியாடாதவளின் வியாதி வந்து சேர்ந்தது.

அவளை நடக்கச் சொல்லுகிறவர்கள் அநேகர். "அக்கா, நல்லா உடம்பு வைச்சிட்டுது, கொஞ்சம் நடவுங்கோவன்" என்று கோயில் மண்டபத்திலே, பத்துப் பேர் கேட்க, உரத்த குரலில் உபதேசம் செய்கிற உறவினர்கள் உண்டு. கையில் ஒரு கடதாசியைத் திணித்து அனுப்புகிற வைத்தியர்கள் உண்டு. அங்கேயே பிறந்து வளர்ந்து, உடற்பயிற்சிக் கூடத்துக்குத் தவறாமல் போய்வருகின்ற மகள், அம்மாவின் சோற்றுக் கோப்பையைப் பார்த்துச் சலித்துக்கொள்வதும் உண்டு. இவர்கள் எல்லாரும் வைத்தியத்தின் பெயரால் பேசுகிறார்கள். அவளோ பெரும்பாலும் தர்மத்தின் பெயரால் மறுக்கிறாள். "எனக்கெண்டு ஒரு மணித்தியாலம் எடுத்தால், பிள்ளையளின்ரை சாப்பாட்டை ஆர் பாக்கிறது?" என்று அவள் கேட்கும்போது, அது சாக்குப்போக்கு என்று நினைத்து நாம் புன்னகை செய்கிறோம். அது சாக்குப்போக்கு அன்று. தன் தேகத்துக்கென்று பொழுது ஒதுக்குவது ஒரு ஸ்திரீக்குத் தகுமா, அது சுயநலம் ஆகாதா என்ற மெய்யான தார்மிகக் கேள்வியை அவள் எழுப்புகிறாள். அதற்கு வைத்தியரின் கடதாசியில் விடை இல்லை. அவளுடைய சமயம் எந்த மொழியில் அவளை வளர்த்ததோ அந்த மொழியிலேயே விடை சொல்லியாக வேண்டும்.

தேகமே அநித்தியம், அதைப் பேணுவானேன் என்ற பழைய வாதத்தை முதலில் பார்த்துவிடலாம். மரண வீட்டிலும் அந்தியேட்டியிலும் நாம் கேட்டுக் கேட்டு ஊறிப்போன நிலையாமைப் பாட்டுக்கள் இந்த எண்ணத்தை நம் இரத்தத்தில் கலந்துவிட்டன. எனினும், ஆறுமுக நாவலரின் காலத்திலிருந்து யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடங்களிலும் திண்ணைகளிலும் போதிக்கப்பட்டு வந்த சைவ சித்தாந்தத்தை ஊன்றிப் பார்த்தால், அது தேகத்தை இகழ்கின்ற தரிசனமே அல்ல. ஆன்மாவை அநாதியாக மறைத்து நிற்கும் இருள் ஆணவம். அவ்விருளில் கிடக்கும் உயிர்மேல் இரங்கி, இறைவன் மாயையிலிருந்து உடல், கருவி, உலகம், நுகர்பொருள் என்னும் தனு, கரண, புவன, போகங்களை ஆக்கிக் கொடுக்கிறான். விடியும்வரை இருட்டில் வழிகாட்டும் விளக்காகவே இந்தச் சரீரத்தை அச்சாஸ்திரம் கருதுகிறது. விளக்கு சூரியன் ஆகாது என்பது உண்மை. அதற்காக எண்ணெய் விடாமல் அதை அணையவிடுகிறவனை எந்தச் சாஸ்திரமும் ஞானி என்று அழைத்ததில்லை. திருமூலரும், தேகத்தை ஒருகாலத்தில் இழிவென்று எண்ணியிருந்த தாம், அதனுள்ளே உத்தமன் குடிகொண்டிருப்பதைக் கண்டபின் அதைக் காக்கத் தொடங்கியதாகவே திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் சொல்லுகிறார். சைவ நெறியின் முதற்படியாகிய சரியையோ முழுக்க முழுக்கத் தேகத்தால் செய்யும் தொண்டு: கூட்டுதல், மெழுகுதல், பூப்பறித்தல், வலம்வருதல். உழவாரத்தைத் தோளில் சுமந்து ஊர் ஊராக நடந்த அப்பரை அந்நெறிக்கு உதாரணமாக வைத்தவர்கள், அசையாத தேகத்தை இலட்சியமாகக் கொண்டிருக்க முடியாது.

இந்த வாதம் அவ்வளவு கடினமானதன்று. பொழுது என்னுடையதா என்று அவள் கேட்டதே கடினமானது. அதற்கு விடை தேடிப் போகிறவர்கள் காளிதாசனுடைய குமாரசம்பவத்தின் ஐந்தாம் சர்க்கத்தில் சற்று நேரம் தங்க வேண்டும்.

மன்மதன் எரிந்து சாம்பலானபின், தன் அழகு பயன்படவில்லை என்று நாணிய பார்வதி தவத்தை மேற்கொள்ளுகிறாள். கோடையில் நாற்புறமும் தீயை வளர்த்து நடுவே நின்று சூரியனை நோக்குகிறாள். மழைக்காலத்தில் வெறும் பாறையிலே படுக்கிறாள். பனிக்கால இரவுகளில் நீருக்குள்ளே நின்று கழிக்கிறாள். தானாக உதிர்ந்த இலையையும் உண்ணாது விட்டதனால் அபர்ணை என்று பேர் பெறுகிறாள். அப்பொழுது சடைமுடியும் தண்டும் மான்தோலுமாக ஒரு பிரமசாரி அந்தத் தபோவனத்துக்கு வருகிறான். அவள் எழுந்து உபசரிக்கிறாள். அவன் இருந்து, இளைப்பாறி, பேசத் தொடங்குகிறபொழுது, முதலில் அவளுடைய தவத்தைப் புகழவில்லை, இகழவுமில்லை. கிரியைக்கு வேண்டிய சமித்தும் தருப்பையும் இலகுவில் கிடைக்கின்றனவா என்று கேட்கிறான். நீராடுவதற்குத் தண்ணீர் தக்கதாய் இருக்கிறதா என்று கேட்கிறான். உன் சக்திக்கு இயைந்த அளவிலேதான் தவம் செய்கிறாயா என்று கேட்கிறான். இவ்வளவும் கேட்டபின்னரே, தர்மத்தைச் சாதிப்பதற்குச் சரீரமன்றோ முதற்கருவி என்ற கருத்தைச் சொல்லுகிறான்.

அந்தக் கடைசிக் கருத்து பெரும் கீர்த்தியை அடைந்துவிட்டது. டில்லியிலுள்ள அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகம் அதையே தன் முத்திரையில் பொறித்திருக்கிறது. தேகப்பயிற்சியைப் பற்றிப் பேசுகிறவர்களும் அதை எடுத்தாளத் தவறுவதில்லை. எடுத்தாளுகிறபொழுது அதற்கு முன்னே நின்ற கேள்விகள் உதிர்ந்துபோயின. அது ஒரு பெண்ணை நோக்கிச் சொல்லப்பட்டது என்பதும் மறந்துபோயிற்று. வீரனாகத் துடிக்கும் வாலிபன் ஒருவனுக்குச் சொன்னதாக நினைத்து நாம் அதைப் படிக்கிறோம். உண்மையிலோ, ஒன்றை அடைவதற்காகத் தன்னை முழுவதும் மறந்து, தன் தேகத்தைச் செலவழித்துத் தீர்த்துக்கொண்டிருந்த ஒருத்திக்கு அது சொல்லப்பட்டது. எந்தப் பெண்ணைப் பற்றி நாம் இங்கே பேசிக்கொண்டிருக்கிறோமோ, அவள் நிலை அதுதான்.

இன்னும் ஒன்று உண்டு. இந்தக் கட்டத்தில் எனக்கு மிகவும் பெரிதாகத் தோன்றுவது அதுவே. கேட்பவன் யார்? பிரமசாரியின் வேஷத்தில் வந்திருப்பவன் சிவன். எவனுக்காக அவள் தேகத்தை வருத்துகிறாளோ அவனே நேரில் வந்து, உன் தேகம் தாங்குகிறதா என்று விசாரிக்கிறான். அவளுடைய தவத்தின் பலனைக் கொடுக்கக் கடமைப்பட்டவனே அவள் நீராடும் தண்ணீரைப் பற்றிக் கவலைப்படுகிறான். இதை அப்படியே குரோருட் பள்ளத்தாக்கின் சமையற்கட்டுக்குக் கொண்டுவந்து வைத்துப் பார்த்தால், அவளிடம் போய் விசாரிக்க வேண்டியவர் யார் என்பது தெளிவாகிவிடுகிறது. அவள் யாருக்காகத் தேய்ந்தாளோ அவர்கள்தான்: அவள் கையால் உண்டு வளர்ந்த பிள்ளைகள், அவள் சம்பளத்தில் பாதி வீட்டைக் கட்டிய கணவன், அவள் அனுப்பிய பணத்தில் ஊரிலே கலியாணம் முடித்த தங்கை. அவர்களும் கட்டளையாகவன்றிக் கேள்வியாகப் பேச வேண்டும். நீ ஏன் நடக்கவில்லை என்று கேட்பது கேள்வியின் வடிவத்தில் வருகிற குற்றச்சாட்டு. நடப்பதற்கு உனக்கு என்ன கிடைக்கவில்லை என்று கேட்பதுதான் பிரமசாரி கேட்ட கேள்வி.

இதற்கு எதிராக, இவ்வளவு தூரம் போவானேன், அவளே தன் நன்மைக்காக எழுந்து நடந்தால் என்ன என்று கேட்பார் உண்டு. தன் நன்மைக்கென்று ஒன்றைச் செய்யும் உரிமையை எந்த வயதில், யார் அவளுக்குக் கொடுத்தார்கள் என்பதை அவர்கள் யோசிக்க வேண்டும். காரைக்கால் அம்மையாரின் சரிதத்தை நாம் பக்தியோடு வாசிக்கிறோம். அதற்குள் இருக்கும் துக்கத்தைக் கவனிப்பதில்லை. புனிதவதி என்ற அந்த வணிகர் குலப் பெண், தன்னைத் தெய்வமென்று அஞ்சி விட்டகன்ற கணவன், பின்பு தன் காலிலேயே வந்து விழுந்தபோது, அவனுக்காகத் தாங்கியிருந்த தசைப்பொதியைக் கழித்துவிடும்படி இறைவனை வேண்டிப் பேய் வடிவம் பெற்றாள். மெலிவு மேன்மை என்பது அக்கதையின் தாத்பரியம் என்று எவரும் கொள்ளலாகாது. பெண்ணுடைய மேனியை மெல்லியதாகக் காணும் ஆசைக்கு அம்மையாரைத் துணைக்கழைப்பதைப் போன்ற அபசாரம் வேறில்லை. அவர் தேகத்தை ஒருவனுக்காகச் சுமந்திருந்தார் என்பதையும், அவன் விலகியவுடன் அது வெறும் பாரமாகிவிட்டது என்பதையும் மாத்திரமே நான் இங்கே சுட்டுகிறேன். பிள்ளைகள் வளர்ந்து வேறு நகரங்களுக்குப் போய்விட்டபின், ஒஸ்லோவின் மாடி வீடுகளில் எத்தனையோ தாய்மாருக்கு நேருவது இதுவே. அம்மையார் அதோடு நின்றுவிடவில்லை. பேயுருவாகிய அந்த மேனியைத் தமக்கே உரியதாக்கிக்கொண்டார். கயிலைமலையைக் காலால் மிதிக்க மனம் ஒவ்வாமல் தலையால் நடந்தார். தேவியிடம் இறைவன் அவரைத் தன் அம்மை என்று சொன்னான். பிறருக்காக மாத்திரம் இருந்த தேகம் முதன்முறையாகத் தன் சொந்த நோக்கத்துக்காக அசைந்த அந்தக் கணத்தில், அதைக் கண்டிக்க அங்கே ஒருவரும் இல்லை. ஆண்டவனே வரவேற்றான்.

நம் பெண்களுக்கு நியமம் புதிதன்று. கந்தசஷ்டியின் ஆறு நாளும் பால்பழத்தோடு இருப்பவர்கள், கேதார கௌரி விரதத்தை 21 நாள் அனுஷ்டித்துக் காப்புக் கட்டுகிறவர்கள், வெள்ளிக்கிழமை தவறாதவர்கள் அவர்கள். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் வீதியை வலம்வந்தும், விழுந்து வணங்கி அடி அழித்தும் நேர்த்தியைத் தீர்த்த தாய்மாரின் மக்கள் அவர்கள். செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமம் வரை, கீழைக் கரையோரமாக, வாரக்கணக்கில் கால்நடையாகச் செல்லும் யாத்திரிகர்களில் வயது முதிர்ந்த பெண்கள் எத்தனை பேர்! கதிர்காமக் கந்தனுக்காக நடக்க இயலும் கால்களுக்கு வேறொன்றுக்காக நடக்க இயலாது என்பதில்லை. காரணமின்றி நடப்பது அவர்களுக்கு அந்நியமாக இருக்கிறது; அவ்வளவுதான். கோயிலுக்கு நடக்கலாம், கடைக்கு நடக்கலாம், சாவு வீட்டுக்கு நடக்கலாம். போகுமிடம் ஒன்றில்லாமல் நடந்து திரும்பும் ஸ்திரீயைப் பார்த்து ஊர் என்ன சொல்லும் என்ற அச்சம் ஐயாயிரம் மைலுக்கு அப்பாலும் அவர்களைத் தொடர்ந்து வந்திருக்கிறது.

ஆகையால் நடையையே ஒரு விரதம் ஆக்கிவிட்டால் என்ன என்று சிலர் யோசனை சொல்லுகிறார்கள். அந்த யோசனையில் நன்மை உண்டு. சங்கற்பம் செய்துகொள்ளுதல், நாள் குறித்தல், பலர் கூடிச் செய்தல் என்னும் அங்கங்கள் எல்லாம் விரதத்தில் ஏற்கெனவே அமைந்திருக்கின்றன. ஆயினும் எனக்கு ஒரு பயம் உண்டு. நோயைப் பாவத்தின் சம்பளமாகவும் நடையை அதற்குப் பிராயச்சித்தமாகவும் அவள் எண்ணத் தொடங்கிவிட்டால், அவளுடைய சுமைகளின் மேல் நாம் இன்னொரு சுமையை ஏற்றியவர்கள் ஆவோம். வினைக்கொள்கை ஒருவன் தன் துன்பத்தைச் சகிப்பதற்காகத் தனக்குச் சொல்லிக்கொள்ளும் ஆறுதல். அயலாளின் பருமனுக்குக் காரணம் கண்டுபிடிக்கும் கருவியாக அதை உபயோகிக்க நமக்கு அதிகாரம் இல்லை. மேலும், நீரிழிவுக்கு மருந்து உண்பவள் நாட்கணக்கில் உபவாசம் கிடப்பது ஆபத்தானது. அவளுடைய விரதத்தின் விதிகளை வைத்தியரோடு கலந்து தளர்த்திக்கொடுப்பது குருக்கள்மாரின் கடமை என்றே சொல்லுவேன். தவத்தை இன்னும் கடுமையாக்கு என்று உமையிடம் ஒருவரும் சொல்லவில்லை.

இனிப் பலனைப் பற்றிய கேள்வி. மூன்று மாதம் நடந்தவள் நிறைகருவியில் ஏறி நிற்கிறாள். முள் அசையவில்லை. அன்றோடு நடையை விட்டுவிடுகிறாள். உற்சாகப்படுத்தினவர்களும் உள்ளுக்குள் அவளைச் சந்தேகிக்கிறார்கள். இவ்விடத்தில் நம்முடைய சென்னையிலே நடந்த ஒரு பரிசோதனையை நான் ஒஸ்லோவின் பெண்கள் ஒவ்வொருவருக்கும் தெரிவிக்க விரும்புகிறேன். வைத்தியர் இராமச்சந்திரனும் அவருடைய சகாக்களும், நீரிழிவின் வாசலில் நின்றுகொண்டிருந்த 531 பேரைச் சேர்த்து, அவர்களை மூன்று வருஷகாலம் அவதானித்து, 2006இல் முடிவை வெளியிட்டார்கள். நடையையும் உணவுத் திருத்தத்தையும் மேற்கொண்ட பிரிவில், நீரிழிவு வந்தெய்தும் அபாயம் 28.5 சதவீதம் குறைந்திருந்தது. தேகத்தின் நிறையிலோ சொல்லத்தக்க மாறுதல் இல்லை. அமெரிக்காவில் 3,234 பேரைக் கொண்டு நடத்தி 2002இல் வெளியிட்ட பரிசோதனையில் நிறையும் குறைந்தது, அபாயமும் 58 சதவீதம் குறைந்தது என்பது மெய்யே. நிறை குறையாதவிடத்தும் நன்மை நேர்ந்தது என்பதைக் காட்டியது சென்னை. முள் அசையாத அந்த மூன்று மாதத்திலும் அவளுடைய இரத்தத்திலும் தசையிலும் நாம் காணாத வேலை நடந்துகொண்டிருந்திருக்கலாம். பலனில் பற்று வைக்காமல் கருமத்தைச் செய் என்ற உபதேசத்தை நாம் வழக்கமாகத் துறவின் குரலாகவே கேட்கிறோம். இங்கே அது சரீர சாஸ்திரத்தின் குரலாகவும் இருக்கிறது. நாம் பார்த்துக்கொண்டிருந்த இடத்தில் பலன் தோன்றாததனால் பலனே இல்லை என்று முடிவு கட்டியது நம் அவசரம். நிறையைக் கொண்டே அவளை அளந்த எல்லாரும், வைத்தியசாலைத் தாதி முதல் பெற்ற மகள் வரை, அந்த அளவுகோலைச் சிறிது காலத்துக்கேனும் ஒதுக்கி வைத்துவிட்டு, இரவில் உறக்கம் வருகிறதா, படி ஏறினால் முன்போல மூச்சு வாங்குகிறதா என்று கேட்கலாம்.

அவள் சென்று குடியேறிய தேசமோ நடையை ஏறக்குறைய ஒரு சமயமாகவே கைக்கொண்டிருக்கிற தேசம். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போகாத நோர்வேக்காரன் காட்டுக்குப் போவதைத் தவறவிடுவதில்லை. பயிரிடாத நிலத்தில், அது யாருடையதாக இருந்தாலும், எவரும் கால்நடையாய்ப் போய்வரலாம் என்ற தொன்றுதொட்ட உரிமையை 1957ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று எழுத்தில் உறுதிப்படுத்தியிருக்கிறது. குடியுரிமைப் பத்திரம் இல்லாதவளுக்கும் அந்த உரிமை உண்டு. அந்நாட்டின் புகழ்பெற்ற தத்துவ ஞானி ஆர்னே நேஸ், ஒஸ்லோ சர்வகலாசாலையில் ஆசிரியராய் இருந்துகொண்டே, ஹாலிங்ஸ்கார்வெட் மலையின் உயரத்தில் ஒரு குடில் கட்டிக்கொண்டு, தம் சிந்தனைக்கு அந்தக் குடிலின் பெயரின் முதலெழுத்தையே சூட்டியவர். காந்தியடிகளை ஆழ்ந்து கற்றவர். எல்லா உயிரிலும் தன்னையும் தன்னில் எல்லா உயிரையும் காண்பதைப் பற்றிக் கீதையின் ஆறாம் அத்தியாயம் சொல்லும் கருத்தைத் தம் கொள்கைக்கு ஆதாரமாகக் காட்டியவர். ஆகையால் அந்த நாட்டின் நடை நம் மரபுக்கு முற்றிலும் அந்நியமானது என்று சொல்லுவதற்கில்லை.

ஆனாலும், தனிமையில் மலையேறுவதை மேலாக எண்ணுகிற அந்த இலட்சியத்தை அப்படியே நம் பெண்கள்மேல் சுமத்துவதை நான் ஏற்கமாட்டேன். அந்தத் தனிமை ஓய்வுள்ளவனுக்கு இன்பம். மொழி தெரியாத ஊரில் ஏற்கெனவே தனித்திருப்பவளுக்கு அது மேலும் ஒரு தண்டனை. அவளுக்குத் துணை வேண்டும், பேச்சு வேண்டும். இருவர் மூவராய்ச் சேர்ந்து ஊர்க்கதை பேசிக்கொண்டு நடப்பதை வம்பளப்பு என்று எள்ளுகிறவர்கள், அந்தப் பேச்சு நின்றால் நடையும் நின்றுவிடும் என்பதை உணர வேண்டும்.

அங்கே சமித்தும் தருப்பையும் தண்ணீரும் எவை? டிசம்பர் மாதத்து ஒஸ்லோவில் பகல் வெளிச்சம் ஏறக்குறைய ஆறு மணி நேரந்தான். இருட்டில் வேலைக்குப் போய் இருட்டில் திரும்புகிறவளுக்கு முதலில் வேண்டியது விளக்குள்ள பாதை. காடுகளின் ஓரத்தில் அத்தகைய பாதைகளை நகரசபை அமைத்திருக்கிறது. அவை எங்கே தொடங்குகின்றன என்பதை அவளுக்குக் காட்டிக்கொடுத்தவர் எத்தனை பேர்? பனி இறுகிக் கண்ணாடியாகிவிட்ட வீதியில் ஒருமுறை விழுந்தவள் அந்த மாரியில் மறுபடி வெளியே இறங்கமாட்டாள். சப்பாத்தின் அடியில் மாட்டிக்கொள்ளும் சிறு முட்களுக்குச் செலவு கொஞ்சந்தான். தாய்க்குத் தீபாவளிக்குச் சேலை வாங்கும் மகன் அதையும் வாங்கலாம். நீச்சல் குளத்தில் பெண்களுக்கு மட்டும் ஒதுக்கிய நேரம் வேண்டுமென்று கேட்பதைப் பிற்போக்கு என்று சொல்லும் முற்போக்காளர்கள் இருக்கிறார்கள். அவளுடைய நாணத்தை வென்று முடித்தபின்தான் அவளுக்கு ஆரோக்கியத்தைக் கொடுப்போம் என்பது கருணை ஆகாது. நோர்வேயின் பல ஊராட்சிகள் நடத்துகிற ஆரோக்கிய வாழ்வு நிலையங்களில், வைத்தியரின் சீட்டைக் காட்டினால் மூன்று மாத காலத்துக்கு வழிகாட்டலும் கூட்டு நடையும் கிடைக்கின்றன. முதல் நாள் அவளோடு கூடப் போய், தமிழில் எடுத்துச் சொல்லி, அந்தக் கூட்டத்தில் அவளைத் தனியே நிற்கவிடாமல் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக வேண்டியது பொழுது. இதைக் கடையில் வாங்க முடியாது. அவளுடைய வேலையில் ஒரு பகுதியை மற்றொருவர் எடுத்துக்கொண்டால் ஒழிய அது பிறக்காது. உலக சுகாதார ஸ்தாபனம் 2020இல் விதித்தபடி வாரத்துக்கு 150 நிமிஷம் மிதமான உழைப்புப் போதும். ஐந்து நாள் அரை மணி நேரம். அந்த அரை மணி நேரத்தில் அரிசி கழுவி உலையில் இடுவதற்குக் கணவனுக்குத் தெரியாது என்றால், அதைக் கற்றுக்கொள்வதே அவர் தன் மனைவியின் நீரிழிவுக்குச் செய்யக்கூடிய முதற்சிகிச்சை. தேகத்தைக் கோயில் என்று பிரசங்கம் செய்துவிட்டுக் கைகழுவி இலைக்கு முன்னால் வந்து உட்காருகிறவர்களை நான் கண்டிருக்கிறேன். அந்தப் பிரசங்கத்தால் அவளுக்கு ஒரு நிமிஷமும் மிஞ்சவில்லை.

கோயில்களுக்கும் இதில் பங்கு உண்டு. இந்தப் பள்ளத்தாக்கிலேதான், அம்மெருட்டில், ஈழத்துச் சைவர்கள் சிவசுப்பிரமணியருக்கு ஆலயம் கண்டார்கள். அதற்கு வடக்கே லில்லொமார்க்கா என்னும் பெருங்காடு நடக்கக்கூடிய தூரத்தில் தொடங்குகிறது. புலம்பெயர்ந்த தமிழர் எந்த நாட்டில் ஆலயம் எழுப்பினாலும், பூசை முடிந்து விபூதி வாங்கிக்கொண்டு, அன்னதானப் பந்தியில் அமர்வதோடு அடியாரின் சரீர சம்பந்தம் தீர்ந்துவிடுகிறது. மடைப்பள்ளியில் பெரிய பாத்திரங்களோடு மல்லாடுகிற பெண்களுக்கோ அந்தப் பந்தியும் கடைசியில்தான். வெள்ளிக்கிழமைப் பூசைக்கு முன்னர், ஆண்கள் பாத்திரங்களைக் கழுவிக்கொண்டிருக்கும் வேளையில், பெண்கள் கூடிக் காட்டின் ஓரம்வரை போய்வரலாம் என்று ஒரு தர்மகர்த்தா சபை தீர்மானித்தால், ஊர் என்ன சொல்லும் என்ற அச்சத்தில் பாதி அன்றே தொலையும். ஏனெனில் அவள் நடந்து போவது கோயிலிலிருந்து, நடந்து வருவது கோயிலுக்கு.

அறுபதைக் கடந்து, மீன் தொழிற்சாலையின் ஈரத்தில் முழங்கால்களைத் தொலைத்துவிட்டவளை இந்த ஏற்பாடுகள் ஒன்றும் எட்டமாட்டா. காட்டு வழி அவளுக்கு ஆகாது, படிக்கட்டும் ஆகாது. சக்திக்கு இயைந்த அளவில் என்று பிரமசாரி வைத்த நிபந்தனை இவளுக்காகவே சொல்லப்பட்டது. நாற்காலியில் இருந்தபடியே கைகளை உயர்த்தித் தாழ்த்துவதும், சுவரைப் பிடித்துக்கொண்டு பத்துமுறை எழுந்து அமர்வதும், தேகத்தின் பாரத்தைத் தண்ணீர் தாங்கிக்கொள்ளும் வெந்நீர்க் குளத்தில் மார்பளவு நின்று அடியெடுத்து வைப்பதும் அவளுக்குப் பூரணமான உழைப்பே. காட்டை வலம்வந்தவளின் முன்னால் அவள் தலைகுனிய வேண்டியதில்லை. அவள் குளத்துக்குப் போய்வர ஒரு வாகனமும், உடை மாற்றும்போது கைகொடுக்க ஒரு பெண்ணும் வேண்டும். வாரத்துக்கு ஒருநாள் அந்த இரண்டையும் ஏற்பாடு செய்து கொடுக்க, அவளால் வளர்க்கப்பட்ட பிள்ளைகள் இன்று அந்த நகரத்தில் வைத்தியர்களாகவும் பொறியியலாளர்களாகவும் இருக்கிறார்கள்.